அபயதானமும் சிறு கொடையும்

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட தானம் நான்கு. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று நம் வீட்டுச் சிறுவர்களும் விரல் மடக்கிச் சொல்வர். முதல் மூன்றுக்கும் நம் ஊர்களில் வழி வகுக்கப்பட்டிருக்கின்றது. முனிவர் எழுந்தருளினால் ஆகாரம் அளிக்கும் முறை மூத்தோர்க்குத் தெரியும். நோயுற்றார்க்கு மருந்து வாங்கிக் கொடுப்போர் உளர். நூல் அச்சிட்டு வழங்கும் வழக்கம் தசலட்சண பர்வத்தை ஒட்டியும் திருமணங்களை ஒட்டியும் இன்றும் நிலவுகின்றது. நான்காவதாகிய அபயதானத்தை மட்டும் நாம் சுருக்கிக்கொண்டோமோ என்னும் ஐயம் எழுகின்றது. "எவ்வுயிரையும் நாம் கொல்வதில்லை, ஆகவே எல்லா உயிர்க்கும் அபயம் அளித்தவர் ஆனோம்" என்று அமைதியுற்று விடுகின்றோம். கொல்லாமை ஒரு விரதம், அபயமோ தானத்தின்பாற்பட்டது. தீங்கு செய்யாதிருப்பதனாலேயே தானமும் செய்யப்பட்டதாகிவிடுமா என்பதுதான் இங்கே நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட வினா.

சமந்தபத்திராசாரியார் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் நால்வகைத் தானத்துக்கும் ஒவ்வோர் உதாரணம் காட்டுகின்றார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பைப் பயின்ற நம்மவர்க்கு இது புதிதன்று. நான்காவது தானத்துக்கு அவர் காட்டுவது அரசனையும் அன்று, வணிகனையும் அன்று. ஒரு காட்டுப் பன்றியை! குகையில் தியானத்தில் இருந்த முனிவரை நோக்கிப் புலி ஒன்று வர, அப்பன்றி குகை வாயிலில் நின்று எதிர்த்துத் தன் உயிரையும் இழந்தது என்பது கதை. பன்றி முனிவருக்குத் தீங்கு செய்யாமல் இருந்ததோடு நின்றிருந்தால் அதன் பெயர் நூலில் ஏறியிராது.

இன்று அச்சத்துக்கு ஆளாகி நிற்கும் உயிர்களுள் பெரும்பாலானவை நம் வாயிலுக்கு வருவன அல்ல. வாயிலுக்கு வரும் பசுவுக்கும் நாய்க்கும் காக்கைக்கும் ஏதேனும் இடுகின்றோம். காட்டிலும் கடலிலும் சதுப்பு நிலத்திலும் வாழ்வனவற்றுக்கு, வந்தவாசியிலோ செஞ்சியிலோ ஆரணியிலோ சென்னை அடுக்குமாடியிலோ இருந்துகொண்டு நாம் நேரில் செய்யத்தக்கது மிகச் சிறிதே. அவற்றிடையே சென்று உழைப்போர் சிலர் உளர். அவர்தம் அமைப்புகளுக்குப் பொருள் உதவுதல் நமக்கு எட்டும் வழி. அதனையும் ஒருமுறை உள்ளம் உருகிக் கொடுத்துப் பின் மறந்துவிடாமல், திங்கள்தோறும் ஒரு சிறு தொகையாகக் கொடுத்து வருதலே தக்கது என்பது நம் கருத்து. நூறு ரூபாயால் காடு பிழைக்குமா என்று நகைப்போர் உண்டு. அவர்களுக்கு விடை கூறுமுன், பொதுப்பட உயிர்கள் என்று பேசாமல் ஓர் உயிரை எடுத்துக்கொண்டு ஆராய்வது நலம்.

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளித்துச் சொல்லும் பறவைக்குப் பழந்தமிழில் பாறு என்று பெயர். திருக்கழுக்குன்றத்து மலைமேல் உச்சி வேளையில் இரண்டு பறவைகள் வந்து அர்ச்சகர் கையால் பொங்கல் உண்டு சென்ற காட்சியை நம் தலைமுறையினர் பலர் கண்டிருப்பர். அவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தவை. 1990-களுக்குப் பின் அவை வருவதில்லை. அன்றாடம் தவறாது அளித்த பொங்கலாலும் அவற்றைத் தக்கவைக்க இயலவில்லை. நாடெங்கும் பாறு இனங்கள் அக்காலத்திலேயே வீழ்ந்துகொண்டிருந்தன. வெண்முதுகுப் பாறு என்னும் இனம் 1992-இல் இருந்த அளவில் 2007-இல் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் நிலையை எய்தியது என்று கணக்கெடுத்தோர் கூறினர்.

காரணம் 2004-இல் தெளிவாயிற்று. மாடுகளுக்கு வலியும் வீக்கமும் தணிய ஊசி வழியாகச் செலுத்தப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்துதான் அது. மருந்திட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்துபோனால், அதன் ஊனில் தங்கிய மருந்து உண்ட பாறின் சிறுநீரகத்தைச் சிதைத்துக் கொன்றுவிடுகின்றது. இறந்த மாடுகளுள் நூற்றுக்கு ஒன்றினும் குறைவானவற்றில் அம்மருந்து இருந்தாலே அவ்வினம் அழிந்து போகப் போதும் என்றும் கணக்கிட்டுள்ளனர். ஒரு சடலத்தைச் சூழ்ந்து பல பறவைகள் உண்பன அல்லவா!

இந்த அழிவைச் செய்தவர் வேடர் அல்லர் என்பது இங்கே கருதத்தக்கது. தன் மாடு வலியால் துடிப்பதைக் காணப் பொறுக்காத உழவர் மருத்துவரை அழைத்தார். மருத்துவர் தமக்குத் தெரிந்த நல்ல மருந்தைக் கொடுத்தார். ஔடததானம் என்றே அதனை நாம் சொல்லியிருப்போம். நம் சமுதாயத்தாருள் உழவுத் தொழிலும் மாட்டுத் தொழுவமும் உடையோர் மிகுதி. ஆதலின் இது பிறர் கதை அன்று. ஓர் உயிர்மேல் வைத்த அன்பு, அறியாமையோடு சேர்ந்தபோது, மற்றோர் உயிரினத்தைத் துடைத்துவிட்டது. நற்காட்சிக்கும் நல்லொழுக்கத்துக்கும் இடையே நன்ஞானத்தை வைத்த ஆன்றோர் எண்ணி வைத்தனர் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது. தனி ஒருவர் அன்பு மட்டும் இவ்வறிவைத் தேடித் தந்திராது. பறவைகளின் உடலை அறுத்து ஆய்ந்து, ஊர் ஊராகச் சடலங்களைச் சோதித்து, ஆண்டுக்கணக்கில் எண்ணிக்கை எடுத்தவர்கள் வேண்டியிருந்தனர்.

இனி, ஊன் உண்ணும் உயிருக்கு நாம் பொருள் கொடுக்கலாமா? நம் மகளிர் கூட்டங்களில் இப்பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வருவது இவ்வினாவே. இதை எள்ளி ஒதுக்குதல் கூடாது. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே உள்ள திகம்பர ஜினாலயத்தைச் சேர்ந்த பறவை மருத்துவமனை 1929-இல் தொடங்கப்பட்டது. அங்கே தானியம் உண்ணும் பறவைகளைத் தங்கவைத்துக் குணப்படுத்துவர். ஊன் உண்பவற்றுக்கு மருந்திட்டு அன்றே அனுப்பிவிடுவர் என்பது நெடுநாளைய நடைமுறை. ஊன் உண்ணும் பறவையைத் தங்கவைத்தால் அதற்கு ஊன் வாங்கித் தர வேண்டுமே! அவ்வறவோர் தடுமாறி நின்ற இடம் உண்மையான தடுமாற்றத்துக்கு உரிய இடந்தான். எனினும் அவர்கள் மருந்தை மறுக்கவில்லை என்பதையும் காண்க.

நம் பத்மபுராணம் கூறும் சடாயுவை நினைத்துப் பார்ப்போம். அதில் சடாயு, முற்பிறவியில் தண்டகன் என்னும் அரசனாக இருந்து வினைவயத்தால் கழுகாய்ப் பிறந்த உயிர். இராமனும் சீதையும் முனிவர்க்கு ஆகாரம் அளிக்கும் இடத்தை அடைந்து, முனிவர் மொழியால் தெளிந்து, இல்லறத்தாரின் விரதங்களை ஏற்றது அப்பறவை. சீதை அதனைத் தன் பிள்ளைபோல் காத்தாள். உயிர் எடுத்த உடம்பு எதுவாயினும் உள்ளிருக்கும் உயிர் உயர்தற்கு உரியதே என்பது புராணத்தின் உட்கிடை. மேலும், பாறு எவ்வுயிரையும் வேட்டையாடுவதன்று, இறந்ததையே உண்கின்றது. கொலைக்குற்றம் என்று பார்த்தால் நம் வீட்டுப் பூனையைவிடப் பாறு தூயது.

பாறு இல்லாததால் சடலங்கள் அழுகி, நாய்கள் பெருகி, மனிதர்க்கே கேடு விளைந்தது என்பதும் உண்மை. 2000 முதல் 2005 வரை இதனால் ஐந்து இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாக மாண்டிருக்கலாம் என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நன்கொடை கேட்போர் இதைத்தான் முதலில் எடுத்துச் சொல்கின்றனர். நாம் இதனைக் கடைசியில் வைக்க விரும்புகின்றோம். நமக்கு உதவும் என்பதற்காகக் காப்பது நல்ல முதலீடு. அபயதானம் என்று அதனைச் சொல்ல மனம் வரவில்லை.

இதனினும் கடினமான முள் ஒன்று உண்டு. அழிந்துவரும் பாறுகளைக் கூட்டில் வளர்த்துப் பெருக்குவதற்கென அரியானா மாநிலத்துப் பிஞ்சோரில் ஒரு நிலையம் இருக்கின்றது. 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அம்மாநில வனத்துறையோடு சேர்ந்து அமைத்தது. அங்குள்ள பறவைகளுக்கு உணவு ஆட்டிறைச்சி. மருந்து கலவாத ஊன் வேண்டும் என்பதனால் ஆடுகளைச் சில நாள் வைத்திருந்து பின் கொல்கின்றனர். அவ்வினத்தையே இழந்துவிடாமல் இருக்க அவர்களுக்கு வேறு வழி தோன்றவில்லை. அவர்தம் உழைப்பைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் செய்தல், செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் ஒன்றாக எண்ணும் நெறியில் பிறந்த நாம், ஆட்டின் உயிருக்கு விலையாகும் பணத்தை எவ்வாறு தானம் என்று எழுதுவது? ஓர் உயிருக்கு அபயம் தர மற்றோர் உயிரை அச்சத்துக்கு உள்ளாக்குவது நமக்கு விதித்த வழி அன்று.

அதனால் பாறுக்கு உதவுவதையே கைவிட வேண்டும் என்பார் சிலர். அது எளிதான முடிவு. சரியான முடிவு என்று நமக்குத் தோன்றவில்லை. பாறைக் காக்கும் பணி ஒன்றன்று, பல. மருந்துக் கடைகளிலும் கால்நடை மருத்துவமனைகளிலும் எம்மருந்து விற்கின்றது என்று ஆராய்வது ஒரு பணி. அதே வலியைத் தணித்துப் பாறுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம், டோல்பெனமிக் அமிலம் ஆகிய மருந்துகளை உழவர்க்கும் மருத்துவர்க்கும் எடுத்துரைப்பது ஒரு பணி. நீலகிரிக்குக் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மத்தி மரங்களில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறுகளைக் கண்காணிப்பது மற்றொரு பணி. கோவையைச் சேர்ந்த அருளகம் போன்ற அமைப்புகள் இவ்வாறு ஊர்களிடையே உழைத்து வருகின்றன. மருந்தை மாற்றும் பணியில் மாடும் நலம் பெறுகின்றது, பாறும் பிழைக்கின்றது, எவ்வுயிரும் மாள்வதில்லை. நம் பொருள் செல்ல வேண்டிய இடம் இதுவே. கொடுக்கும்போது "இன்ன பணிக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுக்கலாம். பொருள் ஒரே பெட்டியில் விழுந்தபின் எந்த ரூபாய் எங்கே சென்றது என்று யார் அறிவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகவே, அவ்வாறு பிரித்துக் கணக்குக் காட்ட இசையாத அமைப்பாயின், அது எத்துணைப் பெரிய பெயர் உடையதாயினும், நாம் வேறிடம் பார்க்க வேண்டும். தானத்தின் சிறப்பு கொடுக்கும் முறையாலும் பொருளாலும் கொடுப்பவராலும் பெறுபவராலும் வேறுபடும் என்று தத்துவார்த்த சூத்திரம் கூறியது முனிவர்க்கு அளிக்கும் ஆகாரத்துக்கு மட்டும் என்று எண்ண வேண்டியதில்லை.

சிறு தொகை எதற்கு ஆகும் என்ற வினாவுக்கு இப்போது வருவோம். டைக்ளோபினாக்கை மாடுகளுக்கென உற்பத்தி செய்வது இந்தியாவில் 2006-இல் தடை செய்யப்பட்டது. அத்துடன் வேலை முடிந்ததா? மனிதர்க்கென விற்ற பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குச் செலுத்தினர். 2015-இல் குப்பியின் அளவு மூன்று மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது என்று விதி வந்தது. பின்னர், மாட்டின் உடலுள் சென்று டைக்ளோபினாக்காகவே மாறும் அசிக்ளோபினாக்கும், கீட்டோபுரோபென் என்னும் மருந்தும் 2023-இல்தான் தடை செய்யப்பட்டன. நிமெசுலைடு 2024 இறுதியில் அவற்றோடு சேர்ந்தது. காரணம் தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் இருபது ஆண்டுகள்! இந்த இருபது ஆண்டும் யாரோ ஒருவர் மருந்துக் கடைகளில் ஏறி இறங்கியிருக்கின்றார். யாரோ ஒருவர் ஆய்வகத்தில் சோதித்திருக்கின்றார். அவர்க்கும் மாதம் முப்பது நாளும் வயிறு இருந்தது. பறவையின் இயல்பும் அவ்வாறே. பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு வளர்ந்து தானும் இணை சேர ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆகும். அத்தகைய உயிருக்கு, செய்தித்தாளில் படம் வந்த கிழமையில் பெருந்தொகை வந்து குவிந்து அடுத்த கிழமை நின்றுபோவதால் என்ன பயன்? வரும் திங்களும் இவ்வளவு வரும் என்ற உறுதி இருந்தால்தான் ஓர் ஆளைப் பணிக்கு வைத்துக்கொள்ள இயலும். ஐம்பது இல்லம் உள்ள ஓர் ஊரில் இல்லத்துக்குத் திங்கள் நூறு ரூபாய் என்றால் ஆண்டுக்கு அறுபதினாயிரம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. ஆயினும் அத்தொகை தவறாமல் வரும் என்பதுதான் அதன் மதிப்பு.

இடைவிடாது கொடுக்கும் முறை நமக்குப் புதிதும் அன்று. போளூருக்கு அருகில் உள்ள திருமலையில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, வணிகர் ஒருவரின் மனைவியாகிய சாமுண்டப்பை என்பார் ஜினாலயத்தில் நந்தாவிளக்கு எரியக் காசு அளித்ததைக் கூறுகின்றது. அக்காலத்து நந்தாவிளக்கு அறக்கட்டளைகளின் கருத்தே, ஒருநாள் நூறு விளக்கு ஏற்றுவது அன்று. ஒரே விளக்கு அணையாமல் இருக்க நாள்தோறும் உழக்கு நெய் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டுவந்த பாட்டிமாரையும் நாம் அறிவோம். அந்தப் பிடியரிசியில் எவர் பெயரும் பொறிக்கப்படவில்லை. இக்காலத்திலோ குழல்விளக்கு வாங்கிக் கொடுப்பவரும் அதன்மேல் உபயம் என்று தம் பெயரைப் பெரிதாக எழுதுவித்துப் பாதி வெளிச்சத்தை மறைத்துவிடுகின்றார்.

பெயர் வாராத கொடை என்பதனால் இதை நாம் தானத்தோடு மட்டும் சேர்க்காமல், பரிக்கிரக பரிமாணத்தோடும் சேர்க்கலாம் என்று எண்ணுகின்றோம். இவ்வளவே நமக்கு, இதற்கு மேற்பட்டது நம்முடையது அன்று என்று வரையறுத்துக்கொள்ளும் விரதம் அது. திங்கள்தோறும் முதலில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு எஞ்சியதையே வருவாய் என்று கருதுவோர், அவ்வரையறையை ஒவ்வொரு திங்களும் புதுப்பித்துக்கொள்கின்றனர். எவ்வளவு என்று கேட்பார்க்கு எண் சொல்லுதல் அரிது. தவறினால் மனம் உறுத்தும் அளவுக்குப் பெரிதாகவும், தாளாமல் ஆறாம் திங்களில் நிறுத்தாத அளவுக்குச் சிறிதாகவும் இருக்கட்டும். ஓய்வூதியத்தில் வாழ்வோர்க்கு அது ஐம்பது ரூபாயாக இருக்கலாம்.

வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டால் குறித்த நாளில் தொகை தானே கழிந்து சென்றுவிடும். கைப்பேசியிலும் அவ்வாறு செய்துகொள்ளலாம் என்று பேரப்பிள்ளைகள் காட்டுகின்றனர். பெறுபவர்க்கு இது மிக நல்லது. கொடுப்பவர்க்கு அத்துணை நல்லதா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. பாவனை இல்லாத தானம் மின்கட்டணத்தோடு ஒன்றாகிவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதை வெளியே எடுத்துப் பார்க்க ஒரு நாள் வேண்டும். அட்சய திருதியை அதற்கு ஏற்றது. ஆதிபகவன் உணவை நாடி நடந்தபோது மக்கள் யானையும் குதிரையும் மணியும் கொண்டுவந்து நீட்டினர். அவர்க்கு வேண்டுவது யாது என்று எவரும் அறிந்திலர். அத்தினாபுரத்துச் சிரேயாம்சன் கரும்புச்சாறு அளித்த நாள் அது. அந்த நாளில் நகைக்கடையில் வரிசையில் நிற்பது எவ்வாறு நம்மவர் இல்லங்களிலும் புகுந்தது என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. அன்று குடும்பத்தார் கூடி, தாம் உதவும் அமைப்பின் ஆண்டறிக்கையையும் தணிக்கை செய்த வரவு செலவையும் படித்துப் பார்க்கலாம். பணியாளர் ஊதியத்துக்கு எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு என்று பிள்ளைகளைக் கூட்டிப் பார்க்கச் சொல்லலாம். வழவழப்பான நாட்காட்டியும் துணிப்பையும் அனுப்பிவைக்கும் அமைப்பாயின், அவை வேண்டா என்று எழுதிவிடுதல் நலம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இவை அனைத்தும் பொய்யாகிவிடும். காட்டில் உள்ள பறவைக்கு நூறு ரூபாய் அனுப்பிவிட்டு, ஆயிரக்கணக்கான பட்டுப்புழுக்கள் கொதிநீரில் மாண்டதனால் ஆகிய சேலையை உடுத்து நாம் ஜினாலயம் செல்கின்றோம். ஆரணியும் காஞ்சியும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. பட்டில்லாமல் திருமணம் ஏது என்பர். புழு நம் கண்முன் மாளவில்லை என்பதுதான் நமக்கு ஆறுதல். பாறும் நம் கண்முன் மாளவில்லையே! பிறவிடத்துத் தீமைக்குப் பணம் கட்டி நம் வீட்டுத் தீமைக்கு விலக்குப் பெறும் வழியாக இக்கொடை ஆகிவிடுமானால், அதனைத் தொடங்காதிருப்பதே மேல் என்று சொல்லத் தோன்றுகின்றது. ஆயினும் அவ்வாறு சொல்லி நிறுத்தினால், பட்டையும் விடாமல் கொடையையும் தொடங்காமல் இருப்பவரே மிகுவர். இரண்டையும் ஒன்றாகத் தொடங்குவோர் சிலரேனும் நம் இளம் பெண்களுள் தோன்றியிருக்கின்றனர். பருத்திச் சேலையில் மணமேடை ஏறிய ஒரு மணமகளைப் பற்றி அண்மையில் கேள்வியுற்றோம், உறவினர் முணுமுணுத்தனராம்.

தொழுவம் உடையோர் காசு செலவின்றிச் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. அடுத்த முறை மாட்டுக்கு ஊசி போட மருத்துவர் வரும்போது, குப்பியின்மேல் எழுதியுள்ள பெயரைப் படித்துப் பாருங்கள். மெலாக்சிகாம் கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்பவர் ஒருவர் இருக்கின்றார் என்று தெரிந்தால் மருந்துக் கடைக்காரர் அதனை வாங்கி வைப்பார்.